ஆப்பிள் மரத்தை மொட்டையடித்த கை

ஆட்டின் மேல் பழி போடுவது சுலபம். அது மறுத்துப் பேசாது.

பொங்கல் கழிந்த மறுவாரம், சுருளிப்பட்டியிலிருந்து என் தங்கை புருஷன் வெள்ளைச்சாமி கடுதாசி போட்டிருந்தார். "மச்சான், உடனே வரவும். ஆப்பிள் மரம் போச்சு!" தேனியில் பஸ் ஏறினேன். எவரையும் லேசில் நம்பாதவன் நான் — இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். துப்புத் துலக்க வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

நான்கு வருஷத்துக்கு முன் கொடைக்கானலிலிருந்து ஏழு ஒட்டுக்கன்று வாங்கி வந்தார் மாப்பிள்ளை. சும்மா உட்கார்ந்தாலே வேர்க்கிற எங்கள் பள்ளத்தாக்கில் ஆப்பிளா? ஊரே சிரித்தது. மரம் என்னவோ தளதளவென்று வளர்ந்தது. இலை... இலை... இலை மட்டும்தான். பேருக்கு ஒரு பூ கிடையாது.

இப்போது அந்த இலையும் இல்லை. ஏழு மரமும் மொட்டையாக நின்றன. மாப்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது.

"ஆடு மேஞ்சிருக்குமோ?" என்றேன்.

"மேயிற ஆடு, எலைய வரப்போரம் குமிச்சு வச்சிட்டா போகும், மச்சான்?"

நியாயம்தான். குனிந்து பார்த்தேன். கிளை ஒன்றுகூட முறியவில்லை. இலைக்கணு ஒன்றுகூட நசுங்கவில்லை. காம்போடு நிதானமாக உருவியிருந்தது. திராட்சைக் கொடிக்குக் கிளை நறுக்கி, இலை உருவி, கவாத்து செய்து பழகிய கை! பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர் யார்? செல்லையா. இந்த மரங்களைப் பார்த்து அதிகம் சிரித்தவர் யார்? அதே செல்லையா.

வேலியோரம் நின்று கேட்டே விட்டேன்.

"எனக்கென்ன கிறுக்கா? எம் பந்தல் வேலையே தலைக்கு மேல கெடக்கு" என்றார் அவர்.

இவ்வளவு அவசரமாக மறுப்பானேன்? என் சந்தேகம் கூடிற்று.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை முடிவாகச் சொன்னார்: "நாளைக்குக் காளியம்மன் கோயில்ல காசு வெட்டிப் போடப் போறேன். எலைய உருவுன கை வெளங்காமப் போகட்டும்!"

அம்மன் முன்னால் காசை இரண்டாக வெட்டிப் போட்டுச் சாபம் விடுவது எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியமில்லை. போலீசுக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான்.

"போடுங்க மாப்பிள்ள! ஆளு தன்னால மாட்டுவான்" என்று நானும் தூபம் போட்டேன்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் தங்கை பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கை வெளங்காமப் போச்சுன்னா உங்களுக்கு யாரு சோறு பொங்குறது?"

இருவரும் அவள் கையையே பார்த்தோம்.

"மலையில குளிருக்கு எல உதிர்ந்து, மரம் தூங்கி எந்திரிச்சாத்தான் பூக்கும்னு கன்னு வித்தவக சொன்னாகல்ல? இங்கன ஏது குளிரு? திராட்சைக் கொடியில எலைய உருவித்தானே பூக்க வைக்கிறோம்... நீங்க சந்தைக்குப் போன அன்னைக்கு நாந்தான் உருவி விட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா உருவ விட்டிருப்பீகளா?"

வருஷா வருஷம் செல்லையா பந்தலுக்குக் கவாத்து வேலைக்குப் போய் வருகிறவள் என் தங்கை. அது எனக்கு ஏன் தோன்றவில்லை? சந்தேகத்துக்கும் சொந்தபந்தம் பார்க்கத் தெரிகிறது! அவள் ஒருநாள் பொறுத்துச் சொல்லியிருந்தால், நான் தூபம் போட்ட சாபம் அவள் கைமேலேயே விழுந்திருக்கும்.

மாசியில் இரண்டு மரம் பூத்தது. ஆடியில் பத்துப் பன்னிரண்டு காய் தேறியது, எலுமிச்சை அளவில். போன வாரம் போயிருந்தேன். செல்லையாவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வெட்கம். இருப்பதில் சிவப்பான ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன்.

வாங்கினார். உருட்டிப் பார்த்தார். முகர்ந்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல நீங்க ஒரு கடி கடிங்கண்ணே."

கடித்தேன். அப்படியொரு புளிப்பு! ஆனால் முகம் சுளிக்கவில்லை — சுளித்திருந்தால் விஷமென்றே முடிவு கட்டியிருப்பார்.