இருபத்திரண்டு படிகள்

அக்காவுக்குக் கோபமே வராது என்பார்கள். அவளை அவர்களுக்குத் தெரியாது. கோபத்தைக் கொட்ட மாட்டாள், பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வாள். இதை முப்பது வருடம் வைத்திருந்தாள்.

சின்ன வயதிலேயே அவளுக்கு இடதுகால் சூம்பிப்போனது. அவள் படித்த ஐந்தாம் வகுப்போ மாடியில், இருபத்திரண்டு படிகள். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக ஏற வேண்டும். அவளை மட்டும் டீச்சர் ஓரமாக நிறுத்திவிடுவார்.

"வழிய அடைச்சுக்கிட்டு நிக்காதே. எல்லாரும் போனப்புறம் ஏறு."

கைப்பிடியைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து ஏறி, வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நிற்பாள்.

"வந்துட்டேன் டீச்சர்."

"எடுத்தாச்சு."

வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டார் அந்த மகராசி. பள்ளிக்கு முதல் ஆளாக வருகிறவளுக்கு வருடம் முழுக்க 'வரவில்லை'. கடைசியில் வருகை போதாது என்று அதே வகுப்பில் நிறுத்திவைத்தார்கள். ஒரு வகுப்பு கீழே இருந்த நான் அடுத்த வருடம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அக்கா பொறியியல் படித்தாள். கட்டடங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளியும் திறக்க முடியாது. போன வருடம் எங்கள் பள்ளியின் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. அதே டீச்சர் இப்போது தலைமையாசிரியை. நான் என் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினேன். அந்த வேடிக்கையை விடுவேனா?

தலைமையாசிரியைக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. கீழ்த்தளத்திலேயே பெரிய, காற்றோட்டமான அறை அவருடையது.

"முட்டி வலி மேடம், மாடி ஏற முடியல" என்று சிரித்தார்.

அடுத்த அறையில் உடைந்த நாற்காலிகள், பந்துகள், துடைப்பங்கள். அவற்றுக்கு நடுவில் காலில் இரும்புப் பட்டை மாட்டிய ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவ வசதிக்காகத்தான் கீழ வச்சிருக்கோம். டீச்சர் அப்பப்ப வந்து பாடம் குடுத்துட்டுப் போவாங்க."

"எந்தக் கிளாஸ்மா?" என்றாள் அக்கா.

"அஞ்சாங் கிளாஸ்."

"மத்த புள்ளைங்கெல்லாம்?"

சிறுமி விரலைத் தூக்கி மேல்தளத்தைக் காட்டினாள். அக்கா நிதானமாகப் பேனாவைத் திறந்தாள்.

ஐந்தாம் வகுப்பு ஒரு வாரத்துக்குள் தலைமையாசிரியையின் அறைக்கு இறங்க வேண்டும். அதுவரை சான்றிதழ் இல்லை. பிறகும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவள் பார்வையிட வருவாள். அந்த நேரத்துக்குத் தலைமையாசிரியை கீழே வந்து நின்று பார்வைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

"அப்ப என் ரூம்?"

"காலியாகுற மாடி ரூம எடுத்துக்கங்க."

"மேடம், என் முட்டி..."

"அவசரமில்ல. எல்லாரும் போனப்புறம் ஏறுங்க."

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

முதல் திங்கட்கிழமை போனோம். காற்றோட்டமான அறையில் நாற்பது பிள்ளைகள். சிறுமி இரண்டாம் வரிசையில், அழிப்பானுக்காகப் பக்கத்துப் பெண்ணுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா படிக்கட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மேலே செருப்புச் சத்தம். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார் தலைமையாசிரியை. ஒன்பது பத்து ஆனபோது இன்னும் ஏழு படிகள் பாக்கி. அக்கா பதிவேட்டில் ஒரு சொல் எழுதி மூடினாள்.

"வந்துட்டேன் மேடம்" என்று கடைசிப் படியில் மூச்சிரைத்தார் அவர்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, இனித்தது.

அக்கா தலை நிமிரவில்லை.

"எடுத்தாச்சு."