கப்பலேறும் டயர்கள்

ஜார்ஜ் டவுனில் அக்கரைக்குப் போகும் பெர்ரிப் படகைப் பிடிக்கப் போகும் வழியில் மழைக்கு ஒதுங்கிய இடம், ஒரு பழைய டயர் கிடங்கு. கப்பலுக்குச் சரக்கேற்ற லாரி காத்திருக்கிறது. டயர்கள் எந்த நாட்டில் இறங்கும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. கிடங்குக்காரர் காலையிலேயே எல்லாவற்றையும் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டாராம். ஆனாலும் சுகாதார இலாகா ஊழியர் குணா விடுவதாயில்லை. ஒரு டயருக்குள் டார்ச் அடித்து எனக்குக் காட்டுகிறார். உள்சுவரில் மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள்.

“டிங்கிக் காய்ச்சல் கொசு முட்டை அண்ணே. தண்ணிய ஊத்திட்டா போயிடாது. காஞ்சி ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல உசுரோட கெடக்கும். போற ஊர்ல மழை பேஞ்சா பொரிஞ்சிடும்.”

சோப்பு நீரில் பிரஷை முக்கி ஒவ்வொரு டயராகத் தேய்க்கிறார். விரல் நுனிகள் தோலுரிந்திருக்கின்றன. லாரிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். இன்னும் பாதி மிச்சம்.

எனக்கே பொறுக்கவில்லை. “எப்படியும் இந்த ஊர விட்டுப் போற கொசுதானே தம்பி?”

டயருக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே பதில் சொல்கிறார்: “அங்கயும் பிள்ளைங்க இருக்கும் லா.”

ஒரு பெர்ரி போனால் போகட்டும். இன்னொரு பிரஷ் இருக்கிறதா என்று கிடங்குக்காரரைக் கேட்கிறேன்.