கை மாறிய மோதிரம்

அடிக்கோலை வைத்துச் சுருட்டை அளக்கிறார் வெர்னா லிண்ட்குவிஸ்ட். "ரெண்டே கால் அங்குலம். போன ஷாட்ல ரெண்டரை இருந்துச்சு. வேற சுருட்டு குடுங்க."

கோவர் தெருவில் எங்கள் ஸ்டுடியோ பன்னிரண்டு நாளில் ஒரு கொலைப்படம் எடுத்துவிடும். ஆனால் வரிசையாக எடுக்காது. பிணம் திங்கட்கிழமை, கொலை வியாழக்கிழமை. நடுவில் புதனன்று செத்தவரே வந்து சிரித்துக்கொண்டு விருந்து கொடுப்பார். யார் கையில் எந்தக் கோப்பை, எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று எழுதிவைப்பது வெர்னாவின் வேலை. மைக்கைக் கழியில் கட்டி, ஏணியில் நின்றபடி நடிகர்கள் தலைக்கு மேல் பிடிப்பது என் வேலை. ஆறு வருஷமாக அவர் தலையை மேலிருந்தே பார்க்கிறேன். கொண்டையில் மூன்று பென்சில் செருகியிருக்கும், தேடினால் ஒன்றும் அகப்படாது.

கொலைகாரன் யாரென்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. "அது எனக்கெதுக்கு? அவன் டை நேரா இருந்துச்சான்னு கேளுங்க, சொல்றேன்," என்பார். மின்னசோட்டாக்காரர், காப்பித்தூளில் முட்டையை உடைத்துக் கலந்து கொதிக்கவைப்பார். நன்றாகத்தான் இருக்கும், நான் ஒப்புக்கொண்டதில்லை. தேவாலயத்தில் பாதிரியாரையே பிடித்து, போன ஞாயிறு பைபிள் வேறு கையில் இருந்ததே என்று கேட்டவர்.

அப்பேர்ப்பட்டவருக்கும் போன படத்தில் ஒரு தொப்பி தப்பிவிட்டது. கதவுக்கு வெளியே தொப்பி போட்டிருந்தவன் உள்ளே வெறுந்தலையோடு வந்துவிட்டான். இன்னொரு பிழை வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை இந்தப் படத்துக்குக் கடைசி நாள். பூக்கடைக்காரி ஒருத்தி போலீஸை முந்திக்கொண்டு துப்பறிகிற வேடிக்கைக் கதை. கதை எழுதியவர் முதலில் நீலத்தாளில் அத்தையைக் கொலைகாரி ஆக்கினார். பிறகு அதைத் திருத்தி இளஞ்சிவப்புத் தாளில் வக்கீலைக் கொலைகாரன் ஆக்கிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். நாங்கள் அதில் பாதி, இதில் பாதி எடுத்துத் தொலைத்திருந்தோம். ஆறு மணிக்கு செட்டைப் பிரிக்கப்போகிறார்கள். பூக்கடைக்காரியாக நடிக்கும் காரின், தான் யாரைச் சுட்டிக்காட்டுவது என்று கேட்டாள். டைரக்டர் பர்டிக் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பையில் விஷம் கலக்கப்பட்டபோது அத்தை, வக்கீல் இருவருமே வேறு அறையில் இருந்ததாக எடுத்தாகிவிட்டது. லைட் பிடிக்கிறவன்கூட ஒரு யோசனை சொன்னான். நாலு மணிக்கு, நானே செய்திருப்பேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது வெர்னா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "டாக்டரோட மோதிரம். விருந்துல இடது கையில இருக்கு. பிணத்தப் பாக்கறப்போ வலது கையில. நான் கவனிக்கல. நேத்து படத்தப் போட்டுப் பாத்தப்பதான் கண்ல பட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லல."

டாக்டராக நடிக்கும் ஆஸ்குட் பெல், அன்றைக்கு மதியம் கோழி சாப்பிடக் கழற்றினேன் என்று முனகினார். காரின் கெட்டிக்காரி. "கோழிக்கு இல்ல. கைல பட்ட விஷத்தக் கழுவ. அவசரத்துல கை மாத்திப் போட்டுக்கிட்டான்," என்றாள்.

"நானா? செத்தவருக்கும் எனக்கும் என்ன பகை?" என்றார் பெல்.

"அத அப்புறம் சொல்றேன். நீங்க அழ ஆரம்பிங்க," என்றார் பர்டிக். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படம் முடிந்தது.

அன்றைய வேலையை எழுதி ஆபீஸுக்கு அனுப்பும் தாளில் பிழைகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடச் சொன்னார் பர்டிக். இப்போது அது பிழையில்லை, கதை என்றார். நானும் கெஞ்சினேன். வெர்னாவுக்கும் குழப்பம்தான். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். "கதை சரியாப் போச்சு. நான் பாக்காம விட்டது விட்டதுதானே?" என்று என்னைக் கேட்டார். இந்த மனுஷி மேல் கோபம் கோபமாக வந்தது.

ஆபீஸ் பூட்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட தாளைக் கதவுக்கடியில் தள்ளினார். ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அந்தப் பக்கம் போனதும் பிடித்து இழுத்துவிடலாம் என்று நான் காத்திருந்தேன். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். குனிந்து, விரல் நுனியால் அந்த மூலையையும் உள்ளே தள்ளிவிட்டார்.