சாப்பாட்டு அறையா, வகுப்பறையா?

கட்டட அனுமதி அலுவலகத்தில் என் பக்கத்து மேசை, நாங்கள் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவருடையது. இருபத்திரண்டு வருடமாக வரைபடம் சரிபார்த்தவர். வீடோ கடையோ பள்ளிக்கூடமோ, எது வந்தாலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறியாவது போடாமல் கீழே வைக்க மாட்டார். படி எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே? நாங்கள் அவருக்கு ‘கேள்விக்குறி’ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தோம். வைத்தவன் நான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னோம், பிறகு முகத்துக்கு நேராகவே. அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும் என்பதை நான் கவனித்ததே இல்லை.

ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டட வரைபடம் வந்தது. அக்கா இரண்டு முறை திருப்பி அனுப்பியதால், இது மூன்றாவது முறை. சமையலறையை ஒட்டித் தொண்ணூறு சதுர மீட்டரில் ஓர் அறை. ‘பல்பயன் வகுப்பறை’ என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் வேலையில் ஓர் அறைக்கு என்ன பெயர் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்பறை என்றால் எங்கள் விதிப்படி அந்த அறைக்கு நாற்பத்தேழு பேர் கணக்கு. ஐம்பதுக்குக் கீழே என்பதால் ஒரே கதவு போதும், அது உள்பக்கம் திறந்தாலும் குற்றமில்லை. அதையே சாப்பாட்டுக் கூடம் என்றால், நெருக்கி உட்காருவார்கள் என்று அறுபத்துநாலு பேர் கணக்கு வரும். அப்போது கதவு இரண்டு வேண்டும், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தீ தாங்கும் சுவர் வேண்டும்.

நடுச்சுவரில் பரிமாறும் ஜன்னல் ஒன்று வரைந்திருந்தது. வகுப்பறைக்கு எதற்குப் பரிமாறும் ஜன்னல்? அக்கா அதைப் பார்த்தார். பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆர்க்கிடெக்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். “மேடம், இதுக்குமா? ஸ்கூல் தொறக்க ஒரு மாசந்தான் இருக்கு.”

நான் சும்மா இருக்கவில்லை. “ஒரு பேப்பர் கேள்வி இல்லாம போனா அக்காவுக்குத் தூக்கம் வராது சார்” என்றேன்.

அறையே சிரித்தது. அக்காவின் முகம் சிவந்தது. ரப்பரை எடுத்து அழித்தார். கையெழுத்துப் போட்டார். “பாருங்க, இன்னைக்கு நிம்மதியாத் தூங்குறேன்” என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

பதினான்கு மாதம் கழித்து அந்தச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. சமையல்காரம்மா மூடியைக் கவிழ்த்து அணைத்துவிட்டார். ஆனால் அதற்குள் பரிமாறும் ஜன்னல் வழியாகப் புகை அந்த ‘வகுப்பறை’க்குள் புகுந்துவிட்டது. உள்ளே எண்பது பிள்ளைகளுக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே கதவுக்கு ஓடினார்கள். உள்பக்கம் திறக்கிற கதவு. இழுத்துத் திறக்க ஓர் அடி இடம்கூட இல்லை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிறுமிக்குக் கை இரண்டு இடத்தில் முறிந்தது, ஆறு பேருக்கு மூச்சுத் திணறல்.

விசாரணை தொடங்கும் முன்பே பள்ளி நிர்வாகம் பழியைத் தூக்கிச் சமையல்காரம்மாவின் தலையில் போட்டது. அடுப்பைக் கவனிக்காமல் விட்டாராம். வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வலது கையில் தீக்காயக் கட்டு. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அக்காவின் மேசை முன்னால்தான் வந்து நின்றார்.

“அந்த ரூமுக்கு ஒரே கதவுதான், ஆபத்துன்னு நான் சேர்ந்த நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேம்மா. பிளான்ல எப்படிப் போட்டிருக்குன்னு பாக்கணும். ஒரு காப்பி கிடைக்குமா?”

கோப்பு அக்காவின் டிராயரில்தான் இருந்தது. செய்தி வந்த அன்றே எடுத்து உள்ளே வைத்திருந்தார். எனக்கும் தெரியும்.

“ஃபைல் இங்க இல்லம்மா. மேல போயிருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

“சரிம்மா, ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். அந்த நன்றிதான் அக்காவைக் கொன்றது. எழுந்து கழிவறைக்குப் போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். நான் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. ஒன்பதாம் நாள் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு என்னை ஜன்னலோரம் கூப்பிட்டார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பென்சில் கரி இல்லை, ஆனால் கேள்விக்குறி அழுந்திய தடம் காகிதத்தில் அப்படியே இருந்தது.

“பாத்தியா தம்பி? தெரியாமப் பண்ணிட்டேன்னுகூட சொல்ல முடியாது. நாலு பேர் சிரிச்சீங்கன்னு அழிச்சேன். அம்பது வயசுல இதை வெளிய சொல்ல முடியுமா?”

“நான்தானேக்கா ஆரம்பிச்சேன்.”

“அழிச்ச கை என்னோடது.”

அன்று மாலைக்குள் தன் கைப்பட எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்தார். கேள்விக்குறியை அழித்துக் கையெழுத்துப் போட்டதை எழுதினார். கோப்பு இல்லை என்று அந்த அம்மாவிடம் பொய் சொன்னதையும் எழுதினார். என் கேலியை எழுதவில்லை. எழுதுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சமையல்காரம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். சுவரை உடைத்து இரண்டாவது கதவு வைத்தார்கள். அக்காவை ஒரு படி கீழே இறக்கி, பதிவறையில் உட்கார வைத்தார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்தார். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, அதைப் பிடித்தபடியே நின்றார். அக்கா நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

“என் பொண்ணு அந்த ஸ்கூல்லதான் படிச்சா” என்றார் அந்த அம்மா. “உங்கம்மாதான் பத்த வச்சாங்கன்னு புள்ளைங்க சொல்லிச் சொல்லி, போக மாட்டேன்னுட்டா. வேற ஸ்கூல்ல சேத்தாச்சு. நான் திரும்பிப் போயிட்டேன். அவ வரலை.”

“நீங்க கேட்ட அன்னைக்கே குடுத்திருக்கணும்” என்றார் அக்கா.

“ஆமா, குடுத்திருக்கணும்.” குரலில் கோபம்கூட இல்லை. “உள்ள வாங்கன்னு சொல்ல மனசு வரலை. தப்பா எடுத்துக்காதீங்க.”

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. படியிறங்கும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை முன்னும் பின்னுமாக நடந்தோம்.