பொம்மைக்குச் சாயம் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் நடந்தது இது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். அலுமினியப் பாகங்களுக்குக் கறுப்பு, பழுப்பு, தங்க நிறம் என்று சாயம் ஏற்றி அனுப்புகிற இடம். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு கருவியை வைத்துப் பார்த்து, ‘ஓகே’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.

வீட்டில் எனக்கு வேறொரு கிறுக்கு உண்டு. பொம்மைகள். கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மை இல்லை. ரெசின் என்கிற கெட்டியான பொருளில் வார்த்தவை. முழங்கை, முழங்கால், கழுத்து என்று ஒவ்வொரு மூட்டிலும் ஓர் உருண்டை இருக்கும். உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும். மனிதரைப் போலவே உட்காரும், தலை சாய்க்கும். இவற்றைச் சேர்க்கும் பெரியவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. வெள்ளையாக வந்த என் பொம்மைக்கு நானே சாயம் ஏற்றி, மாநிறமாக்கி, அந்தக் குழுவில் அதன் படத்தைப் போட்டேன். பாராட்டு குவிந்தது. எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது.

அதைப் பார்த்துத்தான் பெங்களூரில் இருந்து ஒரு பெண் தன் பொம்மையை அனுப்பினார். பால் வெள்ளைப் பொம்மை. தன் நிறத்திலேயே வேண்டும் என்று ஒரு புகைப்படமும் அனுப்பியிருந்தார். அந்த அச்சில் இப்போது யாரும் பொம்மை வார்ப்பதில்லை. கெட்டால் வேறு கிடையாது.

கயிற்றை உருவி, பாகம் பாகமாகப் பிரித்து, வெந்நீரில் சாயம் கரைத்து, இடுக்கியால் பிடித்து முக்கினேன். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டிருக்கிறேன் என்பது காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பொம்மையின் தொடையில் என் கட்டைவிரல் ரேகை வெள்ளையாகப் பதிந்திருந்தது. இடது கை ஒரு நிறம், வலது கை ஒரு நிறம். இடுக்கி பட்ட இடமெல்லாம் தழும்பு.

அந்தப் பெண்ணிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஷிப்ட் அதிகம், மழை, இன்னும் காயவில்லை என்று இரண்டு வாரம் பொய் சொல்லி ஓட்டினேன்.

எங்கள் தொழிற்சாலையில் சாயத் தொட்டியருகே வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தார். கல்லாவி என்கிற ஊரில் இருந்து வந்தவர், ஒப்பந்தத் தொழிலாளி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நாலு வருடமாக அவர் முக்கி எடுத்த பாகங்களுக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் சேர்ந்து டீ குடித்ததில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், பொம்மையின் கையைத் திருட்டுத்தனமாக எங்கள் கருவியில் வைத்து அளந்துகொண்டிருந்தபோது அவர் பார்த்துவிட்டார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கையுறையைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் பிடித்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெக் கையில தொட்டுட்டீங்களா மேடம்?"

அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "மாஸ்டர் பீஸ் எதுங்க?" என்றார். எங்கள் வேலையில், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ஒரு மாதிரி இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துத்தான் எதையும் பார்ப்போம். நான் செல்போனில் இருந்த புகைப்படத்தைக் காட்டினேன்.

"போன்ல இருக்கறதெல்லாம் ஒரு கலருங்களா? என் மூஞ்சிய எடுத்தாக்கூட வெளுப்பாக்கித்தான் காட்டுது. ஆளக் கூப்புடுங்க."

"கெட்டுப்போச்சுன்னு எப்படிப்பா சொல்றது?"

"கெட்டுப்போச்சுன்னே சொல்லுங்க. சாயம் ஏத்தலாம், எறக்க முடியாதுங்க. அவங்க இல்லாம இன்னொரு தடவ முக்குனீங்கன்னா அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நானும் ஞாயித்துக்கெழம வர்றேன்."

அன்று மாலையே பெங்களூருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.  ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சொன்னபடி வந்தார். முப்பது வயதிருக்கும். செய்தித்தாளில் பரப்பியிருந்த பாகங்களைப் பார்த்தவர், ரேகை பதிந்த அந்தத் தொடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நல்லவேளை, அதற்குள் எங்கள் தொழிற்சாலைப் பெண் கையுறையும் ஒரு சுருள் கம்பியுமாக வந்து சேர்ந்தார். பெங்களூர்ப் பெண் கன்னடக்காரர், என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். ஓசூரில் இத்தனை வருடம் இருந்ததில் கல்லாவிக்காரருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. நான் திண்டுக்கல்காரி, எனக்குப் பாதிதான் புரியும்.

முதலில் அவர் சாயத்தைத் தொடவே இல்லை. பொம்மைக்காரப் பெண்ணை ஜன்னலருகே உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னார். வெளியே வானம் மூடியிருந்தது.

"மோடம் போட்ட வெளிச்சந்தான் மேடம் நெசத்தச் சொல்லும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தக் கையை மெல்லத் திருப்பினார். உள்பக்கம் வெளுப்பு. வெயில் பட்ட வெளிப்பக்கம் நல்ல கறுப்பு. எந்தப் பக்கம் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். புகைப்படத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு அடர்த்தியான நிறம் அது. நான் ஒரு தழும்பும் இல்லாமல் முக்கி எடுத்திருந்தாலும் அது தவறான நிறமாகத்தான் இருந்திருக்கும்.

அதன்பிறகு வேலை தொடங்கியது. பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவினோம். தழும்புகளை நைசான உப்புத்தாளால் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம். இடுக்கியை அவர் ஓரமாக வைத்துவிட்டார். கயிறு ஓடும் துளை வழியே கம்பியைக் கோத்து, ஒவ்வொரு பாகத்தையும் தொங்கவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவிடாமல், கையை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தார். எடுப்பார், அலசுவார், துடைப்பார், அந்தப் பெண்ணின் கையோடு சேர்த்து வைப்பார்.

"சாக்கா?" என்பார். போதுமா என்று அர்த்தம்.

"இன்னும் கொஞ்சம்" என்று அந்தப் பெண் தலையசைப்பார்.

ஒருமுறை நான் அவசரப்பட்டு, "இப்ப சரியா இருக்கே" என்றேன்.

"ஈரத்துல கறுப்பாத்தாங்க காட்டும். காஞ்சா ஒரு படி எறங்கும். பொறுங்க மேடம்."

காய்ந்ததும் அப்படியே ஒரு படி இறங்கியது. தொழிற்சாலையில் நான் கருவியை வைத்துச் சொல்வதை அவர் கண்ணாலேயே முன்கூட்டிச் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாப் பாகங்களும் ஒரே நிறத்தில் செய்தித்தாளில் கிடந்தன. ஒரு குதிகாலின் அடியில் மட்டும் சின்னதாக வெளுப்பு நின்றுவிட்டது. என் கண்ணில் அது படவே இல்லை. அவரே அதைத் திருப்பி அந்தப் பெண்ணிடம் காட்டினார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு வாரம் பொய் சொன்ன எனக்கு, என் வீட்டிலேயே தலைநிமிர முடியவில்லை.

கயிறு கோத்து முடித்ததும் அந்தப் பெண் பொம்மையின் கையைத் தன் கைமேல் வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றிரண்டு வார்த்தைதான் பிடிபட்டது. எங்கள் தொழிற்சாலைப் பெண் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவரை வழியனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சின்ன வயசுலருந்து வீட்டுல பவுடர் பூசாம ஒரு போட்டோகூட எடுக்க விட்டதில்லையாங்க. இன்னைக்கித்தான் மொத தடவ இந்தக் கலரக் கேட்டு வாங்கினேன்னு சொன்னாங்க." கொஞ்சம் நடந்துவிட்டு, "அதான் நேர்ல கூப்புடச் சொன்னேன்" என்றார்.

டவுன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை வழக்கம்போல அவர் தொட்டியருகே நின்றார். நான் கருவியோடு போய், முதல் பாகத்தை அவரிடம் நீட்டி, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். வேலையில் நான் அவரிடம் கருத்துக் கேட்டது, நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இப்போதும் என்னிடம் பொம்மைகள் வருகின்றன. யாருக்காகச் செய்கிறேனோ அவரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை, அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கல்லாவிக்காரப் பெண்ணை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.