பஞ்சவர்ணம் போட்ட கையெழுத்து

பஞ்சவர்ணம் போய்விட்டாள் என்ற செய்தியை அவளுடைய அண்ணன் முனியசாமிதான் தொலைபேசியில் சொன்னார். மதுரையில் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வேலையாக இருந்தேன். "தங்கச்சி இன்னைக்குக் காலையில போயிருச்சும்மா. ஊருக்குத்தான் கொண்டாந்திருக்கோம். வாரீகளா?" என்றார். வருகிறேன் என்றேன். அபிராமம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட முடியவில்லை.

நானும் அவளும் அந்தக் கூடத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ராமநாதபுரம் டவுன். அவள் அபிராமத்துக்குப் பக்கத்துக் கிராமம். மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடும் குடும்பம். நெய், தேன், மசாலாப் பொடி என்று எங்களிடம் வருவதையெல்லாம் சோதித்து, சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. வேலை முடிந்த பிறகும் அவளால் அதை விட முடியாது. ஒருமுறை டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, தூள்ல சாயம் கலந்திருக்கு, வாங்குற இடத்தை மாத்துங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் கிளாஸைப் பிடுங்காத குறையாக எங்களை அனுப்பினார். வெளியே வந்து, "உனக்கு வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?" என்று கடிந்துகொண்டேன். "தெரிஞ்சு போச்சே விஜி, பெறகு எப்படி?" என்றாள். உண்மையாகவே அவளுக்கு அது புரியவில்லை.

எங்கள் கூடத்துக்கு ஒயின் மாதிரிகள் அபூர்வமாகத்தான் வரும். அன்று வந்த புட்டிகளில் ஊர் பெயரோ ஆள் பெயரோ கிடையாது. ரகசிய எண் மட்டும்தான். ஐரோப்பிய ஒயின் திராட்சை ஒன்றின் பெயரைச் சொல்லி, இது அந்த ரகத்தில் செய்ததுதானா என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைத் தோலிலிருந்து வருவது. அசல் ஐரோப்பிய ரகத்தின் நிறமி ஒரு மாதிரி இருக்கும். நம் பக்கம் சாறு பிழிய வளர்க்கும் நீலத் திராட்சையின் நிறமியில் கூடுதலாக ஒரு சர்க்கரைத் துணுக்கு ஒட்டியிருக்கும். கருவியில் விட்டால் காகிதத்தில் அது தனி முகடாக எழும்பும். எழும்பியது. திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் எழும்பியது. கேட்ட ரகம் இது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் முனியசாமி அண்ணன் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அவர்கள் ஊரில் கொஞ்சம் பேர் திராட்சை போட்டிருந்த விஷயம் எனக்குத் தெரியும். வெளிமாநிலத்து ஒயின் கம்பெனி ஒன்று, ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களாகப் பார்த்து ஒப்பந்தம் போட்டு, லாரியில் பதியன்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. விளைவதை அவர்களே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மிளகாய்க் காட்டில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, சொட்டுநீர்க் குழாய் போட்டு, குழந்தையை வளர்க்கிற மாதிரி வளர்த்திருந்தார்கள். அவளுடைய அய்யாவும் அதில் ஒருவர். வாங்கிய கடன்களையெல்லாம் அந்தக் கொடிகள்தான் அடைக்க வேண்டும்.

"கம்பெனிக்காரன் பழத்தை எடுக்க மாட்டேங்கிறான் தாயி. நாம வேற கொடியக் கலந்துட்டோம்ங்கிறான். மொத அறுப்புப் பழத்துல ஒயின் போட்டு மதுரையில டெஸ்ட்டு பண்ணிட்டாகளாம். பேப்பரை நீட்டுறான். கீழ யாரோ இங்கிலீசுல கையெழுத்துப் போட்டிருக்காக, எழுத்து வெளங்கலை" என்றார் அண்ணன்.

"அதுல ஒரு நம்பர் இருக்கும், படிண்ணே."

அவர் படித்தார். தொலைபேசியை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னோடது விஜி" என்றாள்.

மறுநாளே ஊருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் திராட்சை போட்ட குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன. யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அவளால் அது ஆகாது. எழுந்து நின்று, "அந்தப் பேப்பர்ல இருக்குற கையெழுத்து நான் போட்டது" என்று சொல்லிவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "பொறந்த ஊருக்கே குழி வெட்டிட்டியேடி!" அய்யா மட்டும் எழுந்து மகளருகில் வந்தார். "நீ எழுதுனது நெசந்தானா ஆத்தா?" என்று கேட்டார். "நெசந்தான்யா." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

அவர் பின்னாலேயே போனோம். கொடியிலிருந்து ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்புறம் பஞ்சு ஒட்டியது போல வெளுத்திருந்தது. சாறு பிழியும் நீலத் திராட்சையின் இலை அப்படித்தான் இருக்கும். "இதைக் காட்டிக் கேட்டிருந்தா மெசினே வேண்டாம், பாத்ததும் சொல்லியிருப்பேன். மாசாமாசம் வந்து பாத்த கம்பெனி ஆளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள். விலை விழுந்துவிட்டது, ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள அவர்களுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் வீடு வீடாகப் போய் இலை பறித்தாள். எல்லாருடைய தோட்டத்திலும் இருப்பது ஒரே கொடி, அதுவும் ஆரம்பத்திலிருந்தே ஒரே கொடி என்று நிரூபித்துவிட்டால், கலந்தது விவசாயி இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? பெங்களூரில் தெரிந்தவர் ஒருவர் மூலம் மரபணுச் சோதனை செய்து வாங்கினாள். நினைத்தது போலவே வந்தது. எல்லாம் ஒரே தாய்க்கொடியின் பதியன்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் பூராவும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுவே கடைசி.

ஊர்க்காரர்கள் கம்பெனி மேல் போட்ட வழக்கில் கம்பெனியின் வக்கீல் அவளிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். இலைகளை எங்கள் முன்னிலையில் பறித்தீர்களா? மனுதாரர்களில் ஒருவர் உங்கள் தகப்பனாரா? முதல் கேள்விக்கு இல்லை என்றாள், இரண்டாவதற்கு ஆமாம் என்றாள். நீதிமன்றம் அவளுடைய ஒயின் சோதனையை ஏற்றுக்கொண்டது, இலைச் சோதனையைத் தள்ளிவிட்டது. வழக்கு தோற்றது. வாடிக்கையாளருக்கு எதிராகச் சாட்சி சொன்னாள் என்று எங்கள் நிர்வாகம் அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. நாங்கள் சிலர் போய்ப் பேசிப் பார்த்தோம். பலன் இல்லை.

ஊரில் கொடிகளை வெட்டி எரித்தார்கள். கல்தூண்களைப் பிடுங்கக்கூட யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. நிலத்தை விற்றுவிட்டு முனியசாமி அண்ணன் வாலிநோக்கத்து உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். அய்யா அடுத்த மழைக்கு முன்பே இறந்துபோனார். மகளை அவர் ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. "ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா ஆறியிருக்கும் விஜி" என்பாள்.

பிறகு ராமநாதபுரத்தில் ஒரு வாடகை அறையில், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் வேலை செய்தாள். சிக்கல் ஊரிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் கேனில் தண்ணீர் கொண்டுவருவார்கள். உப்பேறிவிட்டது என்று அவள் சொல்வாள். அவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "தப்புன்னு சொல்ற வேலைதான் எனக்கு வாய்ச்சிருக்கு. சரி பண்ற வேலை யாருக்கு வாய்ச்சிருக்குன்னு தெரியலை" என்று ஒருநாள் சொன்னாள். ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோதும், மருத்துவ அறிக்கையை அவளே படித்து, எவ்வளவு காலம் இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள்.

சாவு வீட்டில் ஊரே வந்திருந்தது. அன்று கோயில் வாசலில் கத்திய அந்தப் பெண்தான் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். நேர்மையான பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த நேர்மையால் அவளுக்கு என்ன கிடைத்தது? ஊருக்குத்தான் என்ன கிடைத்தது?

இதைப் படிக்கிற, அவளைத் தெரிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவளுடைய ஞாபகம் ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவள் கேட்டதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒயின்ல என்ன திராட்சைன்னு கேட்டாக, சொன்னேன். அந்தக் கொடிய யாரு கொண்டாந்து குடுத்ததுன்னு ஏன் விஜி ஒருத்தருமே கேக்கலை?" என்றாள். மறு கையால் அவளுடைய போர்வையை இழுத்து விட்டேன்.