சொட்டுக்கூடக் குடிக்காத ஃபிடெல்மா

எங்கள் கில்கரனில் யாரிடமும் உண்மையைக் கேட்டு வாங்க முடியாது. பொய்யர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், மரியாதைக்காரர்கள். கருகிப்போன கேக்கை நீட்டினால் "பிரமாதம்" என்பார்கள். புள்ளிக் கணக்கில் ஆடும் எங்கள் நாட்டுக் கால்பந்தில் பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்று வந்தவனிடம், நூலிழையில் போச்சே என்று வருத்தப்படுவார்கள். சவப்பெட்டியில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கூட, ஆள் நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டுத்தான் சாண்ட்விச் தட்டுப் பக்கம் நகர்வார்கள். நானும் அந்த ரகம்தான், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

இந்த ஊரில்தான் ஃபிடெல்மா டான்சி நாற்பது வருடமாகப் பப் நடத்துகிறாள். அவள் நாக்கில் இதுவரை ஒரு சொட்டு மது பட்டதில்லை. அவளுடைய அப்பா அந்தப் பப்பின் சரக்கில் பாதியைத் தானே குடித்துத் தீர்த்தவர். அதைப் பார்த்து வளர்ந்தவள், பதினாறு வயதில் கோவிலில் முழங்கால் போட்டு, சாகும்வரை தொடமாட்டேன் என்று உறுதி எடுத்தாள். அதற்காக மதுவிலக்குச் சபை கொடுத்த, திரு இருதயம் பொறித்த சட்டைப் பின் அன்றிலிருந்து அவள் சட்டையில் இருக்கிறது. பப்பை மட்டும் மூடவில்லை. ஊர் எங்கே போய் உட்காரும் என்பது அவள் கேள்வி. குடிக்காதவர் பப் நடத்துவது எங்கள் பக்கத்தில் அதிசயமும் இல்லை.

அதிசயம் அவளுடைய 'சின்ன ஃபாதர்'தான். பெருவிரல் உயரக் கிளாஸ். அடியில் காபி லிக்கர், புதுக் குருவானவரின் அங்கியைப் போலக் கன்னங்கரேலென்று. அதன்மேல் விஸ்கியும் கொஞ்சம் பிராந்தியும் தேனும் சேர்த்து அடித்த காய்ச்சாத கிரீம், வெள்ளைக் கழுத்துப் பட்டையாக மிதக்கும். இரண்டும் கலக்கக் கூடாது. ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் கிரீமை வழியவிட வேண்டும். அதிகம் அடித்தால் வெண்ணெய், குறைவாக அடித்தால் கறுப்புக்குள் முங்கிவிடும். கரண்டியைத் தூக்கினால் துளி விழ மூன்று எண்ணும் நேரம் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. விஸ்கியை, அவித்த முட்டையை நிறுத்தி வைக்கும் முட்டைக் கிண்ணத்தால் அளப்பாள், தேனை மூக்கால் அளப்பாள். குடிக்கும்போது ஐஸ்கிரீம் மாதிரி இறங்கும். எழுந்து நிற்கும்போதுதான் உள்ளே மூன்று பேர் இருப்பது தெரியும்.

ருசி பார்க்காமல் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். வாயை நம்பமாட்டேன், விரலைத்தான் பார்ப்பேன் என்பாள். குடித்து முடித்தவர் கிளாஸை வைத்துவிட்டுப் 'பிரமாதம்' என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. பேசிக்கொண்டே, தன்னை அறியாமல், கிளாஸுக்குள் விரலைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி நக்கினால்தான் தேறியது என்று கணக்கு.

ஹோட்டலில் மது கலக்கும் கான்லத் இதைக் கேட்டுச் சிரிப்பான். போட்டிகளில் கோப்பை வாங்கியவன், முப்பது வயது, வாய் நீளம். ஒருநாள் பப் நிறைய ஆள் இருக்கும்போதே சீண்டினான்.

"கல்யாணமே ஆகாத ஃபாதர் புதுசா கட்டிக்கப்போறவங்களுக்கு வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்குங்க நீங்க பண்றது."

"அவர்கிட்ட படிச்சவங்க ஒண்ணாத்தான் குடும்பம் நடத்துறாங்க. எல்லாம் தெரிஞ்ச நீ ரெண்டு மோதிரத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்து நிக்கிறே" என்றாள் ஃபிடெல்மா, கிளாஸைத் துடைத்தபடியே.

பப் முழுக்கச் சிரித்தது, கான்லத்தும் சேர்ந்துதான் சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சு அவளை உள்ளே எங்கோ குத்தியிருக்கிறது. அன்று கடையைக் கழுவும்போது என்னிடம் கேட்டாள், தான் செய்வது நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்று. பிரமாதம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வேறு யாரையாவது கேட்டிருக்கலாம் என்ற பார்வை.

இந்த ஜூன் மாதம் அவளுடைய அண்ணன் மகள் சோர்க்காவுக்குக் கல்யாணம். ஷாம்பெயின் வேண்டாம், வாழ்த்துச் சொல்ல அத்தையின் சின்ன ஃபாதர்தான் வேண்டும் என்று பெண் ஒற்றைக்காலில் நின்றாள். நூற்று நாற்பது கிளாஸ். மாப்பிள்ளை வீட்டார் டப்ளின்காரர்கள், பிடிக்காவிட்டால் புருவத்தால் சொல்லிவிடுவார்கள். கல்யாணம் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு பூசையில், உறுதி எடுத்து ஐம்பது வருடம் நிறைந்ததற்காக ஃபிடெல்மாவுக்குத் தங்கப் பின் குத்தப்போகிறார்கள். இரண்டும் அடுத்தடுத்து வந்ததில் அவள் ஒரு வாரமாகத் தரையில் நிற்கவில்லை.

கிரீம் கொண்டுவருவது என் பொறுப்பு. என் தம்பியின் பண்ணையிலிருந்து வேனில் எடுத்துவந்தால் இருபது நிமிடம். கல்யாணத்தன்று காலை எங்கள் ஊரில் அதிசயமாக வெயில் அடித்துவிட்டது. அது ஒன்று. வழியில் மூன்று வீட்டு வாசலில் மனிதர்கள் நின்றார்கள். அது இன்னொன்று. டீ வேண்டாம் என்று இரண்டு முறை சொல்வது எங்கள் மரியாதை. மூன்றாவது முறையும் சொன்னால் குடும்பப் பகை. மூன்று வீட்டிலும் இரண்டிரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்கு இரண்டாக ஆறு கோப்பை டீ குடித்தேன். பின்சீட்டில் கிரீம் கேன் வெயில் காய்ந்தது. பதினொன்றரைக்குப் பப்பின் பின்கட்டில் கேனை இறக்கி மூடியைத் திறந்தபோது லேசான புளிப்பு வாடை வந்தது. என் மூக்குத்தான் சரியில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

கல்யாணப் பூசை முடிந்து, படமெல்லாம் எடுத்துக்கொண்டு, விருந்தினர் மூன்று மணிக்குப் பப்புக்கு வர வேண்டும். இரண்டு மணிக்கு ஃபிடெல்மா முதலில் நான்கே நான்கு கிளாஸ் கலந்து அடுக்களை மேசையில் வைத்தாள். ருசி பார்க்கும் ஆட்கள் எப்போதும் நாங்கள் மூன்று பேர்தான்: நான், சவ அடக்கம் செய்யும் ஜார்லத், முடிதிருத்தும் கடை மார்ட்டினா. மூவரும் ஒரே மூச்சில் குடித்தோம். காபி வந்தது, விஸ்கி வந்தது, பின்னாலேயே மோர் வந்தது.

ஜார்லத் கண்ணை மூடித் திறந்து பிரமாதம் என்றார். ஐம்பது வருடமாகப் பிணங்களைப் பார்த்துச் சொல்லிப் பழகிய குரல் அது. மார்ட்டினா, இதுவரை செய்ததிலேயே இதுதான் உச்சம் என்றாள். நானும் தலையாட்டினேன். கல்யாண நாளும் அதுவுமாக யாருக்கு வாய் வரும்?

ஃபிடெல்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மூன்று கிளாஸ்களைப் பார்த்தாள். ஒன்றிலும் விரல் போகவில்லை. கிரீம் ஓரமெல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிரமாதம்தானே?"

"பிரமாதம்" என்றோம் மூவரும்.

"அப்போ நானே பார்த்துடறேன்" என்று நான்காவது கிளாஸை எடுத்தாள்.

முதலில் எங்களுக்கு விளங்கவே இல்லை. கிளாஸ் அவள் மோவாய்க்கு வந்தபோதுதான் மார்ட்டினா என் கையைப் பிடித்தாள். ஐம்பது வருடம். அப்பா செத்த அன்று குடிக்கவில்லை, கட்ட இருந்தவன் கனடாவுக்குப் போன அன்று குடிக்கவில்லை. நாளைக்குத் தங்கப் பின். என்னுடைய ஆறு கோப்பை டீக்காக அதெல்லாம் ஒரு மடக்கில் போகப்போகிறது. ஜார்லத் கூரையைப் பார்த்தார். கிளாஸ் உதட்டைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கீழ வை ஃபிடெல்மா. நல்லா இல்ல. கிரீம் புளிச்சுப்போச்சு. வர்ற வழியில மூணு வீட்ல உட்கார்ந்து டீ குடிச்சேன், வெயில்ல கெட்டுருச்சு. இறக்கும்போதே எனக்குத் தெரியும்."

அறுபத்தாறு வருட வாழ்க்கையில் இப்படி ஒரு பேச்சு நான் பேசியதில்லை. ஜார்லத் என்னை ஏதோ உடுப்பில்லாமல் நிற்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஃபிடெல்மா கிளாஸை மெல்லக் கீழே வைத்தாள். சரியாக அந்த நேரம் பின்கதவை இடித்துக்கொண்டு கான்லத் நுழைந்தான், இரண்டு கையிலும் கிரீம் வாளி. ஹோட்டல் குளிர்பெட்டியிலிருந்து ஜில்லென்று வருகிறது, கேட்டபடியே பத்து லிட்டர் இருக்கிறது என்றான்.

நான் வாளியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"நீ எப்போ அவனுக்குப் போன் பண்ணினே?"

"பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு. கேன்ல விரலை விட்டு நக்கிப் பார்த்தேன் மாலக்கி. விஸ்கிதான் எனக்கு ஆகாது, கிரீமுக்கு என்ன?"

"அப்போ எதுக்கு இந்தக் கூத்து?"

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாப்பது வருஷமா எல்லாரும் பிரமாதம்னே சொல்றீங்க. நான் கண்ணு தெரியாதவ மாதிரி இங்க நிக்கிறேன். ஒருத்தராவது என்கிட்ட நிஜத்தைச் சொல்வீங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

ஜார்லத் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். எனக்கோ, ஒருமுறை திறந்த வாய் மூட மறுத்தது. இன்னொன்றும் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல் என்றாள்.

"விஸ்கி கால் பங்கு தூக்கல்."

"எப்போலேருந்து?"

"இருபத்தாறு வருஷமா."

மார்ட்டினா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். ஃபிடெல்மா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு. அவள் அம்மாவின் முட்டைக் கிண்ணம் உடைந்து, கொஞ்சம் பெரிதாக வேறொன்று வாங்கிய வருடம்தானே அது என்று கேட்டாள். அதேதான் என்று ஜார்லத்துக்கும் இப்போது வாய் வந்தது.

புதுக் கிரீமை அடித்தாள். கிண்ணத்தை முக்கால் மட்டும் நிரப்பி விஸ்கியை ஊற்றினாள். துளி விழ மூன்று எண்ணினாள். ஸ்பூன் முதுகில் வழியவிட்டு, ஒரே ஒரு கிளாஸை என் முன்னால் தள்ளினாள். குடித்தேன்.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா, ஃபிடெல்மா. ரொம்ப நல்லா இருக்கு."

வேலை நேரத்தில் உட்காரவே உட்காராதவள், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவள் நம்பியது அன்றுதான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. எவ்வளவு சின்ன விஷயம், இத்தனை வருடம் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

அப்புறம் உட்கார நேரமில்லை. கான்லத்தும் கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்பூன் பிடித்தான். அவன் வழியவிட்டது இரண்டு முறை முங்கியது, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டான். மூன்றரைக்கு நூற்று நாற்பது கிளாஸும் உயர்ந்தன. மாப்பிள்ளையின் டப்ளின் அம்மா முத்துமாலையும் தொப்பியுமாக நின்றவர், குடித்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார், பிறகு கிளாஸுக்குள் விரலை விட்டார்.

ஞாயிறன்று பூசையில் தங்கப் பின் குத்தினார்கள். வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அந்தப் பச்சைக் கோட்டு அவளுக்காகவே தைத்தது போல இருக்கிறது என்றார்கள். அவள் அவர்கள் தலைக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்து, நிஜமா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு நீலக் கோட்டில் வந்தாள்.